ரெகுலர் மொழியா இல்லையா: ஒரே அட்டவணையில் வகைப்படுத்தலாம், கற்கவும் செய்யலாம்

ஒரு மொழியை, அதாவது சரங்களின் தொகுப்பை, கொடுத்து இது ரெகுலரா (ஒரு டிஎஃப்ஏவால் அடையாளம் காணக்கூடியதா) என்று கேட்டால் பலரும் உடனே பம்பிங் லெம்மாவைத்தான் எடுப்பார்கள், ரெகுலர் மொழியின் நீண்ட சரத்தில் ஒரு துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டாலும் மொழியை விட்டு வெளியே போகாது என்ற விதி அது. நான் அதை விட்டு ரொம்ப நாளாகிறது. அந்தச் சோதனையில் தோற்ற மொழி ரெகுலர் இல்லை, அதுவரை சரி. ஆனால் தேறிய மொழியைப் பற்றி ஒன்றுமே சொல்ல முடியாது, ரெகுலர் அல்லாத சில மொழிகளும் அதில் தேறிவிடும். மைஹில்–நெரோடு தேற்றம் இரண்டு பக்கமும் தீர்ப்புச் சொல்லும். அதற்குப் போடுகிற அதே அட்டவணையை வைத்துத்தான் 1987-இல் டேனா ஆங்லுயின் வெளியிட்ட எல்-ஸ்டார் முறை ஒரு மொழியைக் கற்றுக்கொள்கிறது. டிஎஃப்ஏ என்பது சரத்தை ஒவ்வொரு குறியாகப் படித்து, குறிப்பிட்ட சில ஸ்டேட்களுக்குள் (நிலைகளுக்குள்) நகர்ந்து, கடைசியில் ஏற்கும் அல்லது மறுக்கும் இயந்திரம். அதை வரையத் தெரியும் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன்.

படி 1: அட்டவணை

நிரைகளில் முன்னொட்டுகள், நிரல்களில் பின்னொட்டுகள். இரண்டையும் ஒட்டினால் வரும் சரம் மொழியில் இருந்தால் கட்டத்தில் "ஆம்", இல்லாவிட்டால் "இல்லை". சரங்களே 0, 1 என்று இருப்பதால் கட்டத்துக்குள்ளும் 0, 1 போடாதீர்கள், பத்து நிமிடத்தில் குழம்பிவிடும்.

எல்லா முன்னொட்டுகளையும் எல்லாப் பின்னொட்டுகளையும் எடுத்துக்கொண்டாலும் வேறுபட்ட நிரைகள் ஓர் எண்ணிக்கைக்குள் அடங்கினால் மொழி ரெகுலர். அந்த எண்ணிக்கைதான் மிகச் சிறிய டிஎஃப்ஏவின் ஸ்டேட் எண்ணிக்கை. அடங்காவிட்டால் ரெகுலர் இல்லை. சில 0-கள், பின்னால் அதே எண்ணிக்கையில் 1-கள் என்ற மொழியைப் பாருங்கள். 1-கள் மட்டும் உள்ள பின்னொட்டுகளில் 0, 00, 000 என்ற முன்னொட்டுகளுக்கு முறையே 1, 11, 111 மட்டும்தான் பொருந்தும், இவற்றில் ஒன்றின் பின்னொட்டு இன்னொன்றுக்கு ஒத்துவராது. இப்படியே புதுப்புது நிரைகள் முடிவில்லாமல் வரும். நிரூபணம் அவ்வளவுதான்.

படி 2: மொழியைக் கற்பது

வெறும் சரியான உதாரணங்களைக் காட்டினால் போதாதா? போதாது. எல்லா முடிவுறு மொழிகளையும், கூடவே ஒரே ஒரு முடிவிலா மொழியையும் கொண்ட எந்த வகுப்பையும் சரியான உதாரணங்களை மட்டும் வைத்துக் கற்க முடியாது என்று 1967-லேயே மார்க் கோல்ட் காட்டிவிட்டார். ரெகுலர் மொழிகள் அதில் மாட்டிக்கொள்கின்றன. அதனால் ஆங்லுயின் முறையில் கற்பவர் ஓர் ஆசிரியரிடம் இரண்டு வகைக் கேள்வி கேட்கலாம்: "இந்தச் சரம் மொழியில் உண்டா?", "நான் வரைந்த டிஎஃப்ஏ சரியா, தவறென்றால் ஓர் எதிர் உதாரணம் கொடுங்கள்".

3-ஆல் வகுபடும் பைனரி எண்களை எடுத்துக்கொள்வோம். வெற்றுச்சரத்தை 0 என்று கொள்கிறேன். முதலில் வெற்றுச்சரம் மட்டும் நிரையிலும் நிரலிலும். அதற்கு "ஆம்". ஒரு குறி நீட்டினால் 0-க்கு "ஆம்", 1-க்கு "இல்லை". இந்த "இல்லை" நிரை நம்மிடம் இல்லாத புது நிரை, ஆகவே 1-ஐயும் சேர்க்கிறோம். இப்போது 10-க்கு "இல்லை", 11-க்கு "ஆம்". புதிதாக எதுவும் வரவில்லை. இரண்டு ஸ்டேட் உள்ள ஒரு டிஎஃப்ஏ கிடைத்துவிட்டது. ஆசிரியரிடம் காட்டினால் 101 என்று எதிர் உதாரணம் வரும். அது 5, நம் டிஎஃப்ஏ அதை ஏற்றுக்கொள்கிறது.

படி 3: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஆங்லுயின் சொன்னபடி 101-இன் முன்னொட்டுகள் எல்லாம், அதாவது 1, 10, 101, நிரைகளாகச் சேரும். இப்போது 1, 10 இரண்டுக்கும் நிரை ஒன்றே, "இல்லை". ஒரே நிரை என்றால் ஒரே ஸ்டேட் என்று நகர்ந்துவிடத் தோன்றும், அப்படி நகரக்கூடாது. இரண்டுக்கும் பின்னால் ஒரு 1 ஒட்டிப் பாருங்கள்: 11 என்பது 3, "ஆம்", 101 என்பது 5, "இல்லை". ஒன்றுபோல் தெரிந்தவை ஒரு குறி தாண்டியதும் பிரிகின்றன. பிரித்துக் காட்டிய அந்த 1-ஐப் புது நிரலாகச் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு வெற்றுச்சரத்துக்கு "ஆம், இல்லை", 1-க்கு "இல்லை, ஆம்", 10-க்கு "இல்லை, இல்லை". 101-உம் 10-உடன் சேர்ந்துகொள்ளும். மூன்று நிரைகள், மூன்று ஸ்டேட், மீதி 0, 1, 2. வகுத்தலைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு முறை மீதியைத் தானாகக் கண்டுபிடிக்கிறது, எனக்கு இந்த இடம் இன்றும் சிலிர்ப்புதான்.

கையால் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது 1995-இல் வந்த மேலர்–ப்னுவெலி மாற்றம். எதிர் உதாரணத்தின் முன்னொட்டுகளை விட்டுவிட்டு 1, 01, 101 என்று பின்னொட்டுகளை நிரல்களாகச் சேர்த்தால் ஒரே நிரை உள்ளவை பின்னால் பிரிகின்றனவா என்று பார்க்கும் இந்த முரண்பாட்டுச் சோதனையே தேவைப்படாது. வரைவதற்கு ஜேஃப்ளாப் என்ற மென்பொருள் போதும். ஜாவா தெரிந்தால் இந்த முறைகளுக்கான நிரல் நூலகமான லேர்ன்லிப் பக்கம் போகலாம், ஆனால் ஒரு தடவையாவது காகிதத்தில் போட்டுவிட்டு.

பின்னர் சேர்த்தது: ஆசிரியர் இல்லாமல் தனியாகப் போட்டால் டிஎஃப்ஏ சரியா என்று யார் சொல்வது என்று கேட்டிருந்தார்கள். சரியான டிஎஃப்ஏவில் அதிகபட்சம் எத்தனை ஸ்டேட் என்று தெரிந்தால் வழி உண்டு. அதையும் உங்கள் டிஎஃப்ஏவின் ஸ்டேட் எண்ணிக்கையையும் கூட்டி 2 கழியுங்கள், அந்த நீளம் வரையுள்ள சரங்களைச் சோதித்தாலே போதும். மேலே 3-உம் 2-உம் கூட்டி 2 கழித்தால் 3. 101-இன் நீளமும் அதுவே, அதைவிடச் சிறிய எதிர் உதாரணமே கிடையாது. எல்லை தெரியாவிட்டால் சோதனை எவ்வளவு நீண்டாலும் உத்தரவாதம் இல்லை.

இன்னொரு சிக்கல் வெற்றுச்சரம். அதை மொழியில் சேர்க்காவிட்டால் மூன்றுக்குப் பதில் நான்கு ஸ்டேட் வரும், பயப்படாதீர்கள், தொடக்க ஸ்டேட் மீதி 0-இலிருந்து பிரிந்துவிடுகிறது.

அடுத்து 5-ஐயும் 4-ஐயும் போட்டுப் பாருங்கள். 5-க்கு ஐந்து ஸ்டேட் வரும், 4-க்கு மூன்றுதான் வரும், ஏனென்றால் அங்கே மீதி 1-க்கும் மீதி 3-க்கும் நிரை கடைசிவரை ஒன்றே.