போனில் ரூட்டை முழுசாக நீக்குவது எப்படி?

ரூட் செய்த (அதாவது சிஸ்டத்தையே மாற்றும் உரிமை எடுத்துக்கொண்ட) போனில் வங்கி ஆப் திறக்க மறுக்கிறது என்று சித்தி மகன் போன வாரம் வீட்டுக்கு வந்தான். "மேஜிஸ்கை டெலீட் பண்ணிட்டேண்ணா, அப்பவும் வரல" என்றான். ஐகானை அழுத்திப் பிடித்து நீக்கியிருக்கிறான், அவ்வளவுதான். போனை ரீஸ்டார்ட் செய்தோம். கொஞ்ச நேரத்தில் அதே ஐகான் திரும்ப வந்து நின்றது.

காரணம் இதுதான். மேஜிஸ்க் ஆப் என்பது ரூட்டை நிர்வகிக்கும் திரை மட்டுமே. ரூட் உட்கார்ந்திருப்பது பூட் இமேஜுக்குள், அதாவது போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் பகுதியில். ஃபேக்டரி ரீசெட் செய்தால் நம் படங்களும் ஆப்களும்தான் அழியும். பூட் இமேஜ் அப்படியே இருக்கும். ஆகவே ரூட்டை நீக்குவது என்றால், கம்பெனி கொடுத்த அசல் பூட் இமேஜைத் திரும்ப வைப்பது என்று பொருள்.

தொடங்கும் முன்

போட்டோ, தொடர்பு எண்கள், வாட்ஸ்ஆப் உரையாடல்கள் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்துவிடுங்கள். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். ரீசெட் ஆனால் போன் அதைக் கேட்கும். சார்ஜ் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

படி 1: மேஜிஸ்க் வழியாகவே நீக்குதல்

ஆப்பைத் திறந்து முதலில் மாட்யூல்ஸ் பகுதிக்குப் போய், போட்டிருக்கும் மாட்யூல்களை (மேஜிஸ்கில் சேர்க்கும் கூடுதல் வசதிகளை) ஒவ்வொன்றாக நீக்கி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஆப்பை வேறு பெயரில் மறைத்து வைத்திருந்தால், அதன் செட்டிங்ஸில் பழைய பெயருக்கே திருப்பிக்கொள்ளுங்கள்.

அப்புறம் முகப்பில் 'அன்இன்ஸ்டால் மேஜிஸ்க்' என்பதைத் தொடுங்கள். இரண்டு வாய்ப்புகள் வரும். 'ரீஸ்டோர் இமேஜஸ்' அசல் பூட் இமேஜை மட்டும் திருப்பி வைக்கும். நமக்கு வேண்டியது 'கம்ப்ளீட் அன்இன்ஸ்டால்'. அது மேஜிஸ்க் தொடர்பான எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத் தானே ரீஸ்டார்ட் ஆகும். பெரும்பாலானோருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். பழைய போனில் சூப்பர்எஸ்யூ என்ற ரூட் ஆப் இருந்தால் அதன் செட்டிங்ஸில் உள்ள 'ஃபுல் அன்ரூட்' இதே வேலையைச் செய்யும்.

அசல் இமேஜின் பேக்கப் இல்லை என்று செய்தி வந்தால் பயப்பட வேண்டாம். ரூட் செய்தபோது எடுத்து வைத்த நகல் போனில் இல்லை என்றுதான் அர்த்தம். அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: கணினி வழியாக அசல் மென்பொருளை ஏற்றுதல்

போனின் சரியான மாடல் எண்ணையும் பில்ட் எண்ணையும் 'அபௌட் போன்' பகுதியில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதே மாடலுக்கு உரிய ஃபர்ம்வேரைத்தான் (கம்பெனியின் அசல் மென்பொருளை) இறக்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தாலும் நாட்டுக்கு நாடு மாடல் மாறும்.

பிக்சல் என்றால் சுலபம். கூகுளின் ஆண்ட்ராய்டு ஃபிளாஷ் டூல், குரோம் பிரவுசரிலேயே எல்லாவற்றையும் ஏற்றித் தரும். சாம்சங்கில் ஓடின் மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். அதில் சிஎஸ்சி என்ற பெட்டிக்கு இரண்டு கோப்புகள் இருக்கும்: சிஎஸ்சி போட்டால் தகவல்கள் அழியும், ஹோம் சிஎஸ்சி போட்டால் அழியாது. சியோமிக்கு உள்ள மிஃபிளாஷில் கீழ் வரிசையைக் கட்டாயம் பாருங்கள். 'கிளீன் ஆல் அண்ட் லாக்' தானாகவே தேர்வாகி இருக்கும். அதை 'கிளீன் ஆல்' என்று மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். சீனாவில் விற்ற போனில் குளோபல் ரோம் (வெளிநாடுகளுக்கான மென்பொருள்) ஏற்றி, கூடவே லாக்கும் ஆகிவிட்டால் போன் ஆன் ஆகாது.

படி 3: பூட்லோடரைப் பூட்டுதல்

பூட்லோடர் என்பது போன் ஆன் ஆகும்போது எந்த மென்பொருளை ஓடவிடலாம் என்று பார்க்கும் பகுதி. நான் ரொம்பவும் கவலைப்படுவது இந்த இடத்தைப் பற்றித்தான். மாற்றப்பட்ட பூட் இமேஜ் உள்ளே இருக்கும்போதே பூட்லோடரைப் பூட்டினால் போன் எழாது. சில மாடல்களை மீட்கவே முடியாது. அதனால் படி 1 அல்லது 2 முடிந்து, போன் ஒழுங்காக ஆன் ஆகி, ஒரு நாளாவது ஓடட்டும். கஸ்டம் ரோம் (வெளியார் உருவாக்கிய மென்பொருள்), டிடபிள்யூஆர்பி (வெளியார் தரும் ரெக்கவரி திரை) எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது.

பிக்சலில் போனை ஃபாஸ்ட்பூட் நிலைக்கு (கணினியின் கட்டளையை ஏற்கும் நிலைக்கு) கொண்டுபோய், கணினியில் 'ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷிங் லாக்' கட்டளையை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். போன் திரையில் உறுதி கேட்கும். வால்யூம் பட்டனால் தேர்ந்தெடுத்து பவர் பட்டனை அழுத்துங்கள். பூட்டும்போது தகவல் எல்லாம் அழியும், பேக்கப் எடுக்கச் சொன்னது இதற்காகவும்தான். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் உள்ள பூட்லோடரைத் திறக்க அனுமதிக்கும் 'ஓஇஎம் அன்லாக்கிங்' சுவிட்சை மட்டும் அவசரப்பட்டு அணைக்காதீர்கள். பூட்டிய பிறகு போன் நன்றாக ஆன் ஆனதைப் பார்த்துவிட்டு அணைக்கலாம்.

சரியாக நீங்கிவிட்டதா?

ரூட் செக்கர் ஆப் போட்டுப் பாருங்கள். பிளே ஸ்டோரின் செட்டிங்ஸில் 'அபௌட்' பகுதியில், போன் சான்று பெற்றது என்று காட்டுகிறதா பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் வங்கி ஆப் மறுத்தால், அந்த ஆப்பின் டேட்டாவை அழித்துவிட்டு மறுபடி உள்ளே நுழையுங்கள். சித்தி மகன் போனில் அப்புறம்தான் திறந்தது.

சாம்சங் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். முதன்முறை ரூட் செய்தபோதே நாக்ஸ் என்ற சாம்சங் பாதுகாப்பு அமைப்பின் எண் 0-இலிருந்து 1 ஆகியிருக்கும். அது போனுக்குள் எரிந்துபோகும் ஃபியூஸ். எந்த அன்ரூட்டும் அதைத் திருப்பாது. வங்கி ஆப்கள் பெரும்பாலும் ஓடும், ஆனால் செக்யூர் ஃபோல்டரும் சாம்சங் பேயும் அந்தப் போனில் இனி வராது.