கிறிஸ்துமஸ் ராத்திரிப் படத்தை இரண்டாம் முறை பார்ப்பது எப்படி

முதல் விஷயம், ‘சம் ஆஃப் மை பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் ஆர்’ படத்தை டிசம்பர் 24-ஆம் தேதி பார்க்காதீர்கள். கதை நடப்பது அந்த இரவில்தான் என்பதால் அன்றைக்கே பார்த்தால் பொருத்தமாக இருக்கும் என்று தோன்றும். 2008-ல் நானும் அந்தத் தப்பைச் செய்தேன். வீட்டில் எல்லாரும் நள்ளிரவுத் திருப்பலிக்குக் கிளம்ப, தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். பெங்களூரிலிருந்து பென்டிரைவில் கொண்டுவந்த, நிறம் வெளிறிப்போன பிரதி. மாதா கோவில் ஒலிபெருக்கியில் பாட்டு, என் லேப்டாப்பில் நியூயார்க் பாரின் சத்தம், வாசலில் விட்டு விட்டு எரியும் ஸ்டார். பாதியில் மூடிவைத்துவிட்டேன். அப்போது எனக்கு வயது 24. இனி இந்தப் படத்தின் பக்கமே போகக்கூடாது என்று நினைத்தேன்.

படம் வந்தது 1971-ல். எழுதி இயக்கியவர் மெர்வின் நெல்சன். ‘ப்ளூ ஜே’ என்ற பாருக்கு கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவில் வந்து சேரும் தன்பாலீர்ப்பு ஆண்கள், அவர்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சிலர். மொத்தக் கதையே அவ்வளவுதான். குடிக்கிறார்கள், ஆடுகிறார்கள், ஒருவரை ஒருவர் குத்திப் பேசுகிறார்கள், அழுகிறார்கள். என்னைப் போன்றவர்களைத் திரையில் பார்க்க ஏங்கிக்கொண்டிருந்த பையனுக்கு அது எரிச்சலைத்தான் தந்தது. ‘இப்படியா நாம?’ என்று கேட்கத் தோன்றியது.

அதனால் இரண்டாம் தடவை பார்க்கும் முன் மூன்று தேதிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் ஸ்டோன்வால் பாரில் போலீஸை எதிர்த்துக் கலகம் வெடித்தது 1969 ஜூன் 28. படம் வந்தது 1971. அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973 டிசம்பர். ஆக, கலகம் நடந்து முடிந்திருந்தாலும் அந்த பாரில் உட்கார்ந்திருப்பவர்கள் மருத்துவர்களின் புத்தகப்படி இன்னும் நோயாளிகள்தான். தங்களைப் பற்றி அவர்கள் சொல்லும் கசப்பான நகைச்சுவையெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இதை வைத்துப் பார்த்தால் பிடிபடும். படத்தில் அந்த பார், மாஃபியாவின் கையில் இருப்பதும் இயக்குநரின் கற்பனை இல்லை. தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இடத்துக்கு மது உரிமம் தருவதில் அன்றைய நியூயார்க்கில் ஏகப்பட்ட சிக்கல். அந்த இடைவெளியில்தான் மாஃபியா காசு பார்த்தது.

எந்த நாளில் பார்ப்பது? நம் குமரி மாவட்டப் பக்கம் கோட்டாறு சவேரியார் திருவிழா டிசம்பர் 3-ல் முடிந்த கையோடு குடில் வேலையும் கேரல் சுற்றும் தொடங்கிவிடும். அதிலிருந்து 25 வரை எந்த ராத்திரியும் உங்களுடையது இல்லை. நடுப் படத்தில் டிரம்மோடு பத்துப் பேர் வாசலில் நிற்பார்கள், கிறிஸ்துமஸ் தாத்தா ஆடி முடிக்கும்வரை நீங்களும் கைதட்டிக்கொண்டு நிற்க வேண்டும். என் கணக்கில் 27 அல்லது 28 சரியான நாள். விருந்தாளிகள் போயிருப்பார்கள், டின்னில் முந்திரிக்கொத்து மிச்சம் இருக்கும். சிறுபயறும் கருப்பட்டியும் சேர்ந்த அந்த உருண்டையை மெல்ல மெல்லக் கடித்துத் தின்னுங்கள். ஏத்தங்காய் வத்தல் வேண்டாம், கறுமுறு சத்தத்தில் வசனம் காதில் விழாது.

கூட ஒரு ஆள் இருக்கட்டும். விஷயம் தெரிந்த ஆளாக இருக்க வேண்டும், விளக்கம் சொல்லிக்கொண்டே பார்க்கிற படம் இல்லை இது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஹெட்ஃபோன் போதும், கதவைச் சாத்தவேண்டாம். கருங்கல் ஊரில் கதவைச் சாத்தினால்தான் கேள்வி வரும். ஒரு தடவை சித்தி எட்டிப் பார்த்து, ‘என்ன படம் மக்ளே?’ என்றாள். ‘பழைய இங்கிலீஷ் கிறிஸ்துமஸ் படம் சித்தி’ என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே.

ஆங்கிலம் வேகமாக வரும், பலரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். வசனத்தை எழுத்தாகப் போட வழியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பாத்திரங்களையும் நினைவில் வைக்க முயலாதீர்கள். மூன்று பேரைப் பிடித்துக்கொண்டால் போதும்.

அதில் ஒருவர் கட்டாயம் கேண்டி டார்லிங்காக இருக்கட்டும். ஓவியர் ஆண்டி வார்ஹோல் வட்டத்தைச் சேர்ந்த திருநங்கை நடிகை, 1974-ல் தன் 29-ஆம் வயதில் இறந்துபோனவர். இதில் கேரன் என்ற பாத்திரம். அவளோடு ஆடிய ஒருவன் அவள் திருநங்கை என்று தெரிந்ததும் அடிக்கிறான். முதல் தடவை அந்த அடிதான் என் மனதில் நின்றது. இரண்டாம் தடவை அதற்கு முந்தைய ஆட்டத்தைப் பாருங்கள். அந்தச் சில நிமிடங்கள் அவள் முகத்தில் எவ்வளவு நிம்மதி! அடி வரும் இடத்தில் வேண்டுமானால் ஒலியைக் குறைத்துக்கொள்ளலாம், நான் குறைப்பேன்.

ரூ மெக்லானஹன் செய்திருக்கும் குத்தல் பேச்சுக்காரிக்காகவும் பார்க்கலாம். பின்னாளில் ‘கோல்டன் கேர்ள்ஸ்’ தொடரில் சிரிக்கவைத்த அதே ஆள்தான், இதில் நல்ல விஷம்.

எரிச்சல் வரும் இடங்களில் வரட்டும், படத்துக்காக வக்காலத்து வாங்க வேண்டியதில்லை. பெண்மை கலந்த ஆண்களைக் கேலிக்கு நிறுத்தும் இடங்கள் இன்றைக்கும் பொறுக்கவில்லை. நான் பார்ப்பது அந்த அறையைத்தான். ஊரே குடும்பத்தோடு இருக்கும் ராத்திரியில் போக வேறு இடம் இல்லாதவர்கள் கூடிய அறை. பின்னால் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கும் முகங்களைக்கூட இப்போதெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன்.

இடைவேளை எங்கே விடுவது என்றால், பாருக்கே வந்து ஒரு தாய் தன் மகனை வேண்டாம் என்று உதறும் காட்சி முடிந்ததும் விடுங்கள். அதற்கு மேல் ஒரே மூச்சில் போக முடியாது. சாயா போடுங்கள், மொட்டை மாடிக்குப் போங்கள்.

போன வருடம் தக்கலையிலிருந்து ஒரு நண்பன் வந்திருந்தான். அந்தக் காட்சி முடிந்ததும் போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனான். சும்மா அம்மாவிடம் பேசப் போனான் என்று அடுப்பில் பாலை வைத்தேன். இரண்டு நிமிடத்தில் ஓடி வந்தான்.

‘லேய், வண்டிச் சாவியை எடு.’

‘என்னடே ஆச்சு?’

‘சாப்பிட்டியாம்மான்னு கேட்டேன். மோட்டரை அணைச்சியான்னு கேக்கா. நான்தான் போட்டுட்டு வந்திருக்கேன், மாடித் தொட்டி நிரம்பி வழியுதாம். அவளுக்கு ஏறி சுவிட்சு எட்டாது.’

மிச்சப் படத்தை அன்று ராத்திரி தக்கலையில், அவன் அம்மா பக்கத்து அறையில் தூங்க, பதினொரு மணிக்குப் பார்த்தோம்.