விடையை முதலே சொல்லிவிட்டால் பரிசோதனை எதற்கு? விஞ்ஞான வகுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுதிரி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடிச் சாடி. சுடர் அணைகிறது, தண்ணீர் சாடிக்குள் ஏறுகிறது. "வளியில் ஐந்தில் ஒரு பங்கு ஒட்சிசன். அது எரிந்து தீர்ந்ததால் அந்த இடத்துக்குத் தண்ணீர் ஏறியது" என்று கரும்பலகையில் எழுதுகிறோம். பிள்ளைகள் பார்த்து எழுதுகிறார்கள். மணி அடிக்கிறது.

இந்த விளக்கம் பிழை. அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கக்கூடிய வழியும் இருக்கிறது. அதே சாடி, அதே அளவு தண்ணீர், ஆனால் இம்முறை ஒரே உயரமான மூன்று மெழுகுதிரிகள். சாடிக்குள் இருக்கும் ஒட்சிசன் மாறவில்லை. அப்படியானால் தண்ணீரும் முன்பு ஏறிய அளவுக்குத்தான் ஏற வேண்டும். செய்து பார்த்தால் தெளிவாகக் கூடுதலாக ஏறும். எப்போது ஏறுகிறது என்பதையும் கவனிக்கச் சொல்லுங்கள்: சுடர் நன்றாக எரியும்போது மட்டம் பெரிதாக அசையாது, சுடர் மங்கி அணையும் கணத்தில்தான் சட்டென ஏறும். சாடியைக் கவிழ்க்கும்போது விளிம்பில் குமிழிகள் வெளியேறுவதும் சில தடவை தெரியும். சுடரின் வெப்பத்தால் விரிந்த வளியில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. அணைந்தபின் மிஞ்சிய வளி குளிர்ந்து சுருங்குவதே தண்ணீர் ஏறுவதற்கு முதன்மைக் காரணம். ஒட்சிசன் முழுவதும் தீர்வதுமில்லை. அதன் அளவு ஏறத்தாழ 16 வீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுதிரி அணைந்துவிடும்.

விளக்கம் பிழையானது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய இழப்பு, பிள்ளை எடுக்க வேண்டிய முடிவுகளை எல்லாம் நாம் எடுத்துவிட்டது. எதை அளப்பது, எதை மாற்றாமல் வைப்பது, எத்தனை தடவை செய்வது, முடிவு நம்பத்தக்கதா என்பவைதான் விஞ்ஞானச் செயன்முறைத் திறன்கள். இவற்றை நாம் செய்து கொடுத்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது தண்ணீர் ஊற்றும் வேலை மட்டுமே. 2007 பாடத்திட்டச் சீர்திருத்தத்தோடு இலங்கையில் நம் பாடசாலைகளுக்கு வந்த, பாடத்தை ஐந்து படிகளாக நடத்தும் ஐந்து 'ஈ' (5E) மாதிரியிலும் கண்டறிதல் முன்னே, விளக்குதல் பின்னே. நடைமுறையில் அதைத் தலைகீழாக்கிவிடுகிறோம். காரணமும் புரிகிறது: ஒரே பாடவேளைக்குள் முடிக்க வேண்டும்.

நேரம் இல்லையென்றால் ஒரேயொரு மாற்றமாவது செய்யுங்கள். பரிசோதனைக்கு முன் 2 நிமிடம் கொடுத்து, எதிர்வுகூறலையும் அதற்கான காரணத்தையும் ஒவ்வொருவரும் கொப்பியில் எழுதட்டும். பேனையால் எழுத வேண்டும். பென்சிலால் எழுதினால் முடிவைப் பார்த்தபின் அழித்துத் திருத்திவிடுவார்கள்.

அவதானத்தையும் உய்த்தறிதலையும் குழப்புவது

திருகோணமலைக்கு அருகே ஏழு கிணறுகளாக உள்ள கன்னியா வெந்நீரூற்றுக்குக் களப்பயணம் போகும் வகுப்புகள் நிறைய. திரும்பி வந்தபின் கொப்பிகளில் "அவதானம்" என்ற தலைப்பின் கீழ் "நிலத்துக்கடியில் எரிமலை இருக்கிறது" என்று எழுதியிருப்பார்கள். அது அவதானமல்ல. உய்த்தறிதல் (கண்டதிலிருந்து ஊகித்து அறிவது) என்று பார்த்தாலும் பொருந்தாது, ஏனென்றால் இலங்கையில் உயிர்ப்புள்ள எரிமலை கிடையாது. "மூன்றாம் கிணற்று நீரில் வெப்பமானி இத்தனை பாகை காட்டியது" என்பதே அவதானம். பக்கத்தை நடுவில் கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கம் கண்டதும் அளந்ததும், வலப்பக்கம் அதிலிருந்து நினைப்பது என்று எழுதப் பழக்குங்கள். வலப்பக்கத்தின் ஒவ்வொரு வரியிலிருந்தும் இடப்பக்க வரியொன்றுக்கு அம்புக்குறி போக வேண்டும். அம்பு போட முடியாத வரி வெறும் கேள்விஞானம்.

அங்கே அளக்கும்போதும் வழக்கமாக ஒரு பிழை நடக்கிறது. வெப்பமானியை நீரிலிருந்து வெளியே எடுத்து, கண்ணுக்கு நேரே பிடித்து வாசிப்பது. எடுத்தவுடன் குமிழில் ஒட்டிய நீர் ஆவியாகி வாசிப்பு இறங்கும், காற்று வீசினால் இன்னும் வேகமாக இறங்கும். குமிழ் நீருக்குள் இருக்கும்போதே, திரவமட்டம் அசையாமல் நின்றபின் வாசிக்க வேண்டும். ஏழு கிணறுகளுக்கும் வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு வெப்பமானிகளோடு போவதாயிருந்தால், முதலில் எல்லா வெப்பமானிகளையும் ஒரே வாளி நீரில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கிணறுகளுக்கிடையே தெரியும் வேறுபாடு வெப்பமானிகளின் வேறுபாடாக இருக்கலாம். சனங்கள் குளிக்கும் இடம் என்பதால் இரச வெப்பமானி வேண்டாம், மதுசார வெப்பமானி போதும்.

எந்தக் கணியத்தை அளக்கிறோம் என்று யோசிக்காமல் விடுவது

நிலாவெளி, குச்சவெளிப் பக்கப் பிள்ளைகளுக்கு உப்பளம் புதிதல்ல. பாத்திகள் ஏன் அவ்வளவு அகலமாகவும் ஆழமில்லாமலும் இருக்கின்றன என்பது நல்ல கேள்வி. ஒரு அகலமான தட்டிலும் ஒரு ஒடுங்கிய பாத்திரத்திலும் விளிம்பிலிருந்து ஒரே தாழ்வுக்கு நீர் நிரப்பி, வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். ஒரு குழு அடிமட்டத்தால் நீர்மட்டம் எவ்வளவு தாழ்ந்தது என்று அளக்கும். இரண்டிலும் தாழ்வு ஏறக்குறைய ஒன்றுதான். உடனே "பரப்பளவு ஆவியாதலைப் பாதிக்காது" என்று எழுதிவிடும். இன்னொரு குழு தராசில் நிறுத்துப் பார்த்து, அகலத் தட்டிலிருந்து பல மடங்கு நீர் போயிருப்பதைக் காணும். இரு குழுவும் சரியாகவே அளந்திருக்கின்றன. ஒன்று அளந்தது ஆழத்தின் குறைவை, மற்றது இழந்த நீரின் நிறையை. ஆசிரியர் இங்கே அவசரப்பட்டு "இரண்டாம் குழு சரி" என்று சொல்லக்கூடாது. இரு குழுவையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச விடுங்கள். இதைவிட நல்ல பிரசினம் தீர்க்கும் பாடம் கிடைப்பது அரிது.

திகதி, நேரம், காற்று, வெயில் ஆகியவற்றைப் பதியாமல் விடுவதும் இங்கேதான் பிடிபடும். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் எடுத்த தரவையும் மார்கழி மழைக்கிடையில் எடுத்த தரவையும் ஒரே அட்டவணையில் சேர்த்தால் எதையும் ஒப்பிட முடியாது.

கருவியின் நுணுக்கத்தை மறப்பதும் இதோடு சேர்ந்ததே. கடல்நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. 100 மில்லிலீற்றரை வற்றவைத்தால் கிடைப்பது மூன்றரை கிராம். 1 கிராம் வரை மட்டும் காட்டும் சமையல் தராசில் அது 3 என்றோ 4 என்றோ விழும். 500 மில்லிலீற்றர் எடுத்தால் 17, 18 கிராம் வரும், அதே தராசே போதும். கடைசிக் கட்டத்தில் நெருப்பைக் குறைக்காவிட்டால் உப்புத் தெறித்து நிறை குறையும். ஈரம் மிஞ்சினால் நிறை கூடும். இரண்டு தடவை அடுத்தடுத்து நிறுத்தும் ஒரே நிறை வரும்வரை சூடாக்க வேண்டும். இந்த முறை கைவந்த வகுப்புக்கு ஒரு கேள்வி கொடுக்கலாம்: மகாவலி வந்து கலக்கும் கொட்டியாரக் குடா நீரும் நிலாவெளிக் கடல்நீரும் மழைக்காலத்தில் ஒரே உப்புத்தன்மை உடையனவா? விடை எந்த வழிகாட்டியிலும் இல்லாததால் பார்த்து எழுத வழியில்லை.

ஊசலில் ஒளிந்திருக்கும் இரண்டாவது மாறி

ஊசலின் அலைவுகாலம் (ஒரு தடவை போய்வர எடுக்கும் நேரம்) குண்டின் திணிவில் தங்கியுள்ளதா என்று பார்க்க, நூலில் ஒரு இரும்பு நட்டைக் கட்டி அளந்துவிட்டு, அதன் கீழே இரண்டாவதையும் மூன்றாவதையும் தொங்கவிடுகிறார்கள். அலைவுகாலம் கூடுகிறது. "திணிவு கூடினால் காலம் கூடும்" என்று முடிவு எழுதுகிறார்கள். உண்மையில் நட்டுகள் கீழே கீழே போகப் புவியீர்ப்பு மையம் இறங்குகிறது, ஊசலின் நீளம் கூடிவிடுகிறது. எல்லா நட்டுகளையும் ஒரே கொளுக்கியில், ஒரே மட்டத்தில் மாட்டினால் அந்த வேறுபாடு காணாமல் போகும். இதை நீங்கள் முன்கூட்டித் திருத்த வேண்டாம். முடிவு எழுதியபின், "திணிவைத் தவிர வேறென்ன மாறியது?" என்று மட்டும் கேளுங்கள், அடிமட்டத்தைக் கையில் கொடுங்கள்.

25 சென்ரிமீற்றர் ஊசலின் ஓர் அலைவுக்கு ஏறத்தாழ 1 செக்கன். பொத்தானை அமத்தும் கையின் தாமதமே 0.2 செக்கன் வரை வரும், அதாவது 20 வீத வழு. 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்து 20ஆல் வகுத்தால் அதே தாமதம் 1 வீதமாகச் சுருங்கும். ஆனால் எண்ணத் தொடங்கும்போது "ஒன்று" என்று சொன்னால் உண்மையில் 19 அலைவுகளே எண்ணப்படும், 0.95 செக்கன் வரும். "பூச்சியம்" என்று தொடங்க வேண்டும்.

விலகி நிற்கும் வாசிப்பை அழிப்பது

ஊசலின் 10 அலைவுகளுக்கான நேரம் செக்கனில் 10.1, 10.0, 12.3, 10.2 என்று வந்தால் பிள்ளை 12.3ஐ அழித்து 10.1 ஆக்கிவிடும். பொய் சொல்லும் எண்ணம் அதற்கில்லை, "சரியான விடைக்கு" நாம் கொடுக்கும் புள்ளி அதைப் பழக்கியிருக்கிறது. 12.3இன்மேல் ஒரே கோடு இழுத்து, எண் தெரியும்படி விட்டு, பக்கத்தில் காரணத்தை எழுதச் சொல்லுங்கள்: கூடுதலாக எண்ணினோமா, நூல் மேசையில் முட்டியதா? காரணம் தெரியாவிட்டால் கோடும் வேண்டாம், அளவீட்டைத் திரும்ப எடுக்கட்டும்.

புள்ளியிடும் முறை மாறாமல் இது மாறாது. 10 புள்ளியில் எதிர்வுகூறலும் காரணமும் 2, மாறிகளை இனங்கண்டதற்கு 3, திரும்பத் திரும்ப எடுத்த அளவீடுகளுக்கும் அலகுகளுக்கும் 2, தன் தரவிலிருந்து தானே எழுதிய முடிவுக்கு 3. பாடநூல் விடையோடு ஒத்துப்போனதற்கென்று தனிப் புள்ளி எதுவும் கிடையாது. இந்தப் பிரிப்பைப் பரிசோதனைக்கு முன்பே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள், பாடவேளை முடியும்வரை அது அழியாமல் இருக்கட்டும்.