குடியின் பெயரைக் குடியே பதிவது எப்படி?

கோட்டூர்ப் பக்கமும் பேச்சிப்பாறைப் பக்கமும் ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையின் கதை தெரியாத காணிக்காரர் இல்லை; நாங்கள் கேரள, தமிழ்நாட்டு எல்லை மலைகளில் வாழும் பழங்குடியினர். 1987-ல் அகத்தியமலையில் ஆய்வாளர்களுக்கு வழிகாட்டப் போன நம் ஆட்கள், அந்த மூலிகையின் பழத்தைத் தின்றுகொண்டே களைப்பின்றி மலையேறினார்கள். கேரளத்தின் பாலோட்டுத் தாவரவியல் பூங்கா அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்தை உருவாக்கியது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது; 1997-ல் அறக்கட்டளையும் பதிவானது. பணத்துக்கு வழி செய்தவர்கள், மருந்தின் பெயரைப் பதிவதைக் கவனிக்கவில்லை. அமெரிக்காவில் வேறொரு நிறுவனம் ‘ஜீவனி’யைத் தன் வணிகக்குறியாக (டிரேட்மார்க்) பதிந்துகொண்டது. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் இது.

தேனோ கூடையோ விற்கத் தொடங்கும் முன்பே, அதன் பெயரை வணிகக்குறியாகப் பதிந்துவிடுங்கள். வழி இது.

1. முதலில் குடியில், அதாவது நம் ஊரில், கூடிப் பேசுங்கள். ஊர்த் தலைவரான மூட்டுக்காணியும் வைத்தியம் தெரிந்த பெரியவர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். எந்தப் பெயர் சந்தைக்குப் போகலாம், எது போகவே கூடாது என்று பிரியுங்கள். சாமி பெயரும் சடங்கில் பாடும் சாற்றுப்பாட்டுச் சொற்களும் வீட்டோடு இருக்கட்டும். வணிகக்குறி காப்பது பெயரையும் சின்னத்தையும்தான், மருந்தறிவை அல்ல. விண்ணப்பத்தை எவரும் இணையத்தில் பார்க்கலாம். மருந்துக் கூட்டை அதில் எழுதிவிடாதீர்கள்.

2. சங்கம் பதியுங்கள். தனி ஆள் பெயரில் பதிந்தால் நாளை அவர் பிள்ளைகள் சொத்து என்பார்கள். 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தில் ‘கூட்டுக்குறி’ என்று ஒன்று உண்டு. சங்கம் உரிமையாளர், உறுப்பினர் எல்லோரும் பயன்படுத்தலாம். நமக்குப் பொருந்துவது இதுதான்.

3. பெயர் தேர்வு. ‘மலைத்தேன்’ என்றால் தள்ளுபடியாகும், அது பொருளைச் சொல்லும் சொல். வெறும் ஊர்ப் பெயரும் சிக்கல்தான். அதற்குப் புவிசார் குறியீடு என்ற தனி வழி இருக்கிறது, அட்டப்பாடித் துவரைக்கு 2022-ல் கிடைத்ததுபோல. வணிகக்குறிகளைப் பதியும் அரசு அலுவலகத்தின் ஐபி இந்தியா தளத்தில் பெயரை இலவசமாகத் தேடிப் பாருங்கள். ஒலி ஒத்த பெயர்களையும் விடாதீர்கள்.

4. விண்ணப்பிக்க டிஎம்-ஏ படிவம். பொருள்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: தேனுக்கு வகுப்பு 30, மருந்துக்கு 5, கூடைக்கு 20. இணையத்தில் கட்டணம் வகுப்புக்கு 9,000 ரூபாய். சிறுதொழில் சான்று இருந்தால் 4,500. கூடவே விதிமுறை ஒன்றும் இணைக்க வேண்டும்: யார் உறுப்பினர், எந்தத் தரத்தில் விற்கலாம், மீறினால் என்ன நடவடிக்கை. இதை அவசரப்பட்டு எழுதாதீர்கள். பின்னால் சண்டை வந்தால் முதலில் எடுத்துப் பார்ப்பது இந்தத் தாளைத்தான்.

5. பதிவு அலுவலகத்திலிருந்து ஆட்சேப அறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில். பிறகு அலுவலகத்தின் வணிகக்குறி இதழில் வெளியாகி, மற்றவர்கள் எதிர்க்க நான்கு மாதக் காலம். பதிவு 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்கலாம்.

6. அந்த வணிகக்குறி இதழை நீங்களும் வாராவாரம் பாருங்கள். நம் சாமி பெயரை எவராவது தன் குறியாகக் கேட்டிருந்தால், அதே நான்கு மாதத்துக்குள் டிஎம்-ஓ படிவத்தில் எதிர்க்கலாம். இணையத்தில் வகுப்புக்கு 2,700 ரூபாய். ஒரு பிரிவினரின் மத உணர்வைப் புண்படுத்தும் குறியைப் பதியக் கூடாது என்று பிரிவு 9 சொல்கிறது. அதையே காரணமாகக் காட்டுங்கள்.

7. இந்தப் பதிவு இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். வெளிநாட்டுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், 2013-ல் இந்தியா சேர்ந்த மாட்ரிட் முறையில் (ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் கேட்கும் வழி) நாடுகளைக் குறித்துத் தனியாக விண்ணப்பியுங்கள். சரக்கு கப்பலேறும் முன்பே.