பழைய கெப்பின் முன் டயர் உரசினால் என்ன செய்வது?

நுவரெலியாவில் மரக்கறி ஏற்றிக்கொண்டு இறம்பொடை வளைவுகளில் இறங்கும்போது, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் என் கெப்பில் 'சர்ர்' என்று ஒரு சத்தம் வரும். ரேடியோவைக் கூட்டி வைத்துப் பல மாதம் சமாளித்தேன். ஒருநாள் டயரின் உள்பக்கத்தைத் தடவிப் பார்த்தால், கையில் கம்பி குத்தியது!

முதல் வேலை கழுவுவது. தோட்டத்துப் பாதைச் சேறு மட்கார்டுக்குள் காய்ந்து செங்கல்லாகியிருக்கும். சில வண்டிகளில் அதைச் சுரண்டி எடுத்தாலே சத்தம் போய்விடும்.

அப்புறம் உரசும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். டயரின் விளிம்பிலும் பக்கத்திலும் பள்ளிக்கூட சோக்கைத் தடிப்பாகப் பூசி, நடை வேகத்தில் ஓட்டி இரு பக்கமும் முழுதாகத் திருப்புங்கள். ரிவேர்ஸிலும் ஒரு முறை. சிறிய இறக்கத்தில் லேசாகப் பிரேக் பிடித்தும் பாருங்கள். பிரேக் பிடித்தால் முன்பக்கம் தாழும், சமதரையில் தெரியாத உரசல் அப்போது தெரியும்.

சோக் செஸியில் ஒட்டியிருந்தால் டயர் அகலம், அல்லது ரிம் அதிகம் உள்ளே நிற்கிறது. மட்கார்டின் மேற்பகுதியில் என்றால் முன்பக்கம் தாழ்ந்துவிட்டது. பின் மூலையில் என்றால் டயர் உயரம், அல்லது பொடிக்கும் செஸிக்கும் நடுவிலுள்ள ரப்பர் புஷ்கள் நசுங்கியிருக்கும். பழைய வண்டியில் இந்த புஷ்களை யாரும் நினைப்பதே இல்லை.

டயர் அளவையும் வாசியுங்கள். 215/75ஆர்15 போட வேண்டிய இடத்தில் 235/75ஆர்15 போட்டால் அகலம் 20 மில்லிமீற்றர், மொத்த உயரம் 30 மில்லிமீற்றர் கூடும். மலிவாகக் கிடைத்ததென்று நான் செய்த தவறு இதுதான். உங்களுடையதும் இதுவென்றால் மற்ற எதையும் தொடாமல் சரியான அளவை மாட்டுங்கள்.

அளவு சரி என்றால், வீலின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். முன்பக்கம் தாழ்ந்திருந்து, உங்கள் வண்டியில் டோர்ஷன் பார் (ஸ்பிரிங் போல முறுகி வேலை செய்யும் நீண்ட இரும்புத் தண்டு) இருந்தால், அதன் பின்முனையிலுள்ள போல்ட்டால் உயர்த்தலாம். பின் வீல்களுக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, செஸிக்குக் கீழே ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி அடியில் நுழையவே வேண்டாம். போல்ட்டில் பெயின்ட் அடையாளம் போட்டு, லொக் நட்டைத் தளர்த்தி, இரண்டு சுற்று மட்டும் இறுக்குங்கள். வண்டியை இறக்கி, முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்காதீர்கள். தூக்கினால் வண்டி குதிக்கும், போ வீல் ட்ரைவ் வண்டியில் முன் எக்ஸல் மூட்டுகளும் கெடும். இலை ஸ்பிரிங் வண்டியென்றால் பட்டையைப் பாஸிடம் கொடுத்து வளைக்க வேண்டும், அது வீட்டு வேலையல்ல.

வீல் எவ்வளவு திரும்பலாம் என்று தடுத்து நிறுத்தும் ஸ்டியரிங் ஸ்டொப் போல்ட்டைக் கழற்றாமல், இன்னும் வெளியே நீட்டி நிற்கும்படி திருகிவிட்டால் பத்து நிமிடத்தில் உரசல் நிற்கும் என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் வீல் திரும்புவது குறையும். கொழும்பில் பரவாயில்லை. கொண்டை ஊசி வளைவில் ஒரே ஒடிப்பில் திரும்ப முடியாமல், பின்னால் பஸ் நிற்க, பள்ளத்துப் பக்கம் ரிவேர்ஸ் எடுப்பது யார்?

உயரம் மாறினால் வீல் எலைன்மன்ட் கட்டாயம். ஹெட்லைட்டையும் தாழ்த்துங்கள். பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்த்துவிட்டு, பழையபடி சோக் பூசி அதே இறக்கத்தில் ஒருமுறை இறங்குங்கள்.