நஃபீல்டு பிரபுவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த மாதம் என் மேசைக்கு மூன்று கட்டுரைகள் வந்தன. வாழ்க்கை வரலாறு எழுதப் பழகும் மூன்று இளைஞர்கள் எழுதியவை. மூன்றும் ஒரே மனிதரைப் பற்றியவை: வில்லியம் ரிச்சர்ட் மோரிஸ், பிற்காலத்தில் நஃபீல்டு பிரபு. சைக்கிள் பழுதுபார்ப்பவராகத் தொடங்கி, பிரிட்டனின் மிகப் பெரிய கார் உற்பத்தியாளராக உயர்ந்து, சுமார் 3 கோடி பவுண்டை அறப்பணிகளுக்குக் கொடுத்துவிட்டு 1963-ல் மறைந்தவர்.

படித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளைகள் மீது அல்ல. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே மனிதரைப் பற்றி நான் ஒரு சிறுவர் மாத இதழுக்கு எழுதினேன். அதில் செய்த தவறுகள் வரிசைகூட மாறாமல் அந்த மூன்றிலும் இருந்தன. தேதிப் பிழை, ஊர்ப் பெயர்ப் பிழையெல்லாம் மெய்ப்புப் பார்க்கும்போது திருந்திவிடும். அவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. மெய்ப்புப் பார்ப்பவர் கண்ணில் படாத தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கவிஞர் வில்லியம் மோரிஸ் வேறு

கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் 1896-ல் இறந்தவர். அவரும் ஆக்ஸ்ஃபோர்டோடு தொடர்புடையவர் என்பதால் படங்கள் மாறிவிடுகின்றன. நீண்ட தாடியோடு ஒரு படம் கிடைத்தால் அதை எடுக்காதீர்கள்.

4 பவுண்டு கதையோடு நிறுத்தாதீர்கள்

எல்லாரும் இங்கேதான் தொடங்குகிறார்கள். 1877-ல் வூஸ்டரில் பிறந்தார். 15 வயதில் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு சைக்கிள் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். சில மாதங்களில் கூலி உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை. 16 வயதில் 4 பவுண்டு முதலோடு பெற்றோர் வீட்டுக்குப் பின்புறம் ஒரு கொட்டகையில் சொந்தத் தொழிலைத் தொடங்கினார். இவ்வளவும் உண்மை. அடுத்த பத்தியில் நம் எழுத்தாளர்கள் நேராக, அவருடைய முதல் கார் வெளிவந்த 1913-க்குத் தாவிவிடுகிறார்கள்.

இடையில் 1904 இருக்கிறது. அவர் பங்காளியாக இருந்த ஒரு கார், சைக்கிள் விற்பனை நிறுவனம் அந்த ஆண்டு நொடித்துப்போனது. அதே ஆண்டில்தான் எலிசபெத் ஆன்ஸ்டியைத் திருமணம் செய்திருந்தார். தன் கையால் பழக்கிய கருவிகள் ஏலத்துக்கு வர, 50 பவுண்டு கடன்பட்டுத் தன் கருவிகளையே மீட்டுக்கொண்டு மறுபடி தொடங்கினார்.

இதை விட்டுவிட்டால் பிற்பாடு நடந்தது எதுவும் விளங்காது. அதன் பிறகு அவர் பங்காளிகளை நம்பவில்லை. 1926-ல் அவருடைய மோரிஸ் மோட்டார்ஸ் நிறுவனம் பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோதுகூட முன்னுரிமைப் பங்குகளைத்தான் விற்றது. அதிகாரமும் லாபமும் தரும் சாதாரணப் பங்குகள் எல்லாவற்றையும் 1936 வரை தன் கையிலேயே வைத்திருந்தார். பிற்காலத்தில் அவர் கொடுத்த பெருங்கொடைகளில் பல அந்தப் பங்குகளாகவே போயின. 1943-ல் நஃபீல்டு அறக்கட்டளைக்குக் கொடுத்த 1 கோடி பவுண்டும் அப்படித்தான்.

'இங்கிலாந்தின் ஹென்றி ஃபோர்டு' என்று எழுதாதீர்கள்

எழுதக் கை நீளும் என்பது எனக்குத் தெரியும். வாசகனுக்கு ஃபோர்டைத் தெரியும், மோரிஸைத் தெரியாது. ஒரே சொல்லில் வேலை முடிந்துவிடுகிறது. ஆனால் தொழில்முறையில் இருவரும் எதிரெதிர்த் திசையில் புறப்பட்டவர்கள். ஃபோர்டு இரும்புத்தாது முதல் கண்ணாடி வரை எல்லாவற்றையும் தானே செய்யப் பார்த்தார். மோரிஸ் தொடக்கத்தில் ஏறக்குறைய எதையுமே தான் செய்யவில்லை. 1913-ல் வெளிவந்த முதல் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் எஞ்சின் கோவென்ட்ரி நகரத்து ஒயிட் அண்ட் பாப்பி நிறுவனத்திடம் வாங்கியது. அச்சுகள் ரிக்லி நிறுவனத்துடையவை. கூடு ஆக்ஸ்ஃபோர்டிலேயே ராவொர்த் பட்டறையில் கட்டப்பட்டது. இவையெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டை அடுத்த கௌலியில், கைவிடப்பட்டிருந்த ஒரு பழைய இராணுவப் பயிற்சிக் கல்லூரிக் கட்டடத்தில் ஒன்றுசேர்ந்தன. 1915-ல் வந்த மோரிஸ் கௌலி என்ற காருக்கு எஞ்சின் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது.

யார் எதை நன்றாகவும் மலிவாகவும் செய்வார்கள் என்று கண்டுபிடித்து வாங்குவதுதான் அவருடைய கலை. தேவைப்பட்டபோது அந்த நிறுவனங்களையே ஒவ்வொன்றாக வாங்கினார். துணிச்சலும் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய மந்தத்தில், 1921-ன் தொடக்கத்தில், கௌலி தொழிற்சாலையில் விற்காத கார்கள் நின்றன. அப்போது நான்கு பேர் அமரும் கௌலி காரின் விலையை 525 பவுண்டிலிருந்து 425-ஆகக் குறைத்தார். சில வாரங்களில் விற்பனை பல மடங்கானது. 1925-ல் ஆண்டு உற்பத்தி 50,000-ஐத் தாண்டியது. ஃபோர்டோடு ஒப்பிடுவதானால் இந்த விலைக்குறைப்பை மட்டும் ஒப்பிடுங்கள்.

அம்பாசடரை அவர் தலையில் கட்டாதீர்கள்

நம் ஊரில் எழுதுபவர்களுக்கே உரிய தவறு இது. அம்பாசடர், மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரிலிருந்து வந்தது உண்மை. அந்தக் கார் வெளியானது 1956-ல். நஃபீல்டு 1952-லேயே ஓய்வுபெற்றுவிட்டார். அவர் பெயரைத் தாங்கிய கார் என்று எழுதுங்கள். அவர் உருவாக்கிய கார் என்று எழுதாதீர்கள்.

மோரிஸ் மைனரும் இப்படித்தான். இலங்கைச் சாலைகளில் பலர் அன்போடு பார்த்துப் பழகிய அந்தச் சிறு காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். அதைப் பார்த்த நஃபீல்டு, தண்ணீரில் உடைத்து ஊற்றி வேகவைத்த முட்டை போலிருக்கிறது என்று முகம் சுளித்தார். 1948-ல் வெளியான அந்தக் கார்தான் 10 லட்சம் எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார்.

கொடைப் பட்டியல் போடாதீர்கள்

இந்தத் தவறுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

என் பழைய கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில், கட்டம் கட்டி, பதினொரு கொடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தேன். இடப்பக்கம் யாருக்கு, வலப்பக்கம் எவ்வளவு. பார்க்க அழகாக இருந்தது. ஆசிரியர் பாராட்டினார். பிறகு அதே கட்டுரை ஒரு சிறு நூலிலும் சேர்ந்து, பள்ளி நூலகங்களுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் ஓய்வுபெற்ற மயக்கவியல் மருத்துவர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. என் பட்டியலில் "ஆக்ஸ்ஃபோர்டு மருத்துவத் துறைக்கு 20 லட்சம் பவுண்டு" என்ற ஒரு வரி இருந்தது. அந்த வரிக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டு நான்கு பக்கம் எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. நூல் அச்சாகி விநியோகமும் ஆகிவிட்டது. திருத்த வழியில்லை.

அந்த வரிக்குள் இருந்தது இதுதான். சிறுவயதில் பல் பிடுங்கக் கொடுத்த மயக்க வாயு மோரிஸை அச்சுறுத்திவிட்டது. அந்தப் பயம் பெரியவரான பிறகும் போகவில்லை. பிற்காலத்தில் லண்டனில் ஓர் அறுவைச் சிகிச்சை. மயக்கம் கொடுத்தவர் நியூசிலாந்தில் பிறந்த ராபர்ட் மேக்கின்டாஷ். ஊசி வழியே மருந்து போனது. நஃபீல்டு கண் விழித்து, எப்போது தொடங்கப்போகிறீர்கள் என்று கேட்டார். எல்லாம் முடிந்திருந்தது.

1936-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் மருத்துவ ஆராய்ச்சிக்கு அவருடைய உதவியை நாடியது. மருத்துவம், அறுவைச் சிகிச்சை, மகப்பேறு ஆகியவற்றுக்குப் பேராசிரியர் பதவிகள் ஏற்படுத்துவது திட்டம். நான்காவதாக மயக்கவியலுக்கும் ஒன்று வேண்டும் என்றார் நஃபீல்டு. பல்கலைக்கழகத்தார் தயங்கினார்கள். மயக்கம் கொடுப்பது கைவேலை, அதற்கு என்ன பேராசிரியர் என்பது அன்றைய எண்ணம். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. முதலில் சொன்ன தொகை பன்னிரண்டரை லட்சம் பவுண்டு. அந்த ஆண்டு இறுதியில் பல்கலைக்கழகக் கூட்டத்தில் தானே எழுந்து அதை 20 லட்சமாக உயர்த்தினார். 1937-ல் மேக்கின்டாஷ் பேராசிரியரானார். ஐரோப்பாவிலேயே மயக்கவியலுக்கு அமைந்த முதல் பேராசிரியர் பதவி அது.

அடுத்த ஆண்டு மேக்கின்டாஷின் துறை ஒரு திரைப்படம் எடுத்தது. ஆஸ்திரேலியரான எட்வர்ட் போத் வடிவமைத்த செயற்கைச் சுவாசப் பெட்டியைப் பற்றிய விளக்கப்படம். மனிதன் படுக்கும் நீளத்துக்கு ஒரு பெட்டி. இரும்பு நுரையீரல் என்று பெயர், ஆனால் போத் அதைச் செய்தது ப்ளைவுட்டில். இளம்பிள்ளை வாதத்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்த நோயாளியை உள்ளே கிடத்துவார்கள். தலை மட்டும் வெளியே இருக்கும். கழுத்தைச் சுற்றி ரப்பர் பட்டை. துருத்தி காற்றை வெளியே இழுக்கும்போது பெட்டிக்குள் அழுத்தம் குறையும், மார்பு விரியும், வாய் வழியே காற்று நுரையீரலுக்குள் போகும். துருத்தி திரும்பும்போது மார்பு சுருங்கும். இப்படியே இரவும் பகலும்.

படத்தைப் பார்த்த நஃபீல்டு, இதை என் தொழிற்சாலையிலேயே செய்யலாமே என்றார். கார் செய்யும் கௌலியில் ஒரு பகுதியை அதற்கு ஒதுக்கினார். பிரிட்டிஷ் பேரரசில் கேட்கும் எந்த மருத்துவமனைக்கும் இலவசமாகத் தருவதாக 1938-ல் அறிவித்தார். பயன்படுத்தப் பழகாத மருத்துவமனைக்கெல்லாம் எதற்கு என்று மருத்துவர்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். அவர் கேட்கவில்லை. 1,700-க்கும் அதிகமான பெட்டிகள் போயின.

பல்வலியில் தொடங்கி, பேராசிரியர் பதவி வழியாக, விளக்கப்படம் வழியாக, 1,700 பெட்டிகள் வரை ஓடும் ஒரே சரடு இது. நான் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு வரியில் 20 லட்சம் பவுண்டு என்றும் ஆறு வரி தள்ளி "இரும்பு நுரையீரல்கள்" என்றும் அடுக்கிவிட்டேன். கடந்த மாதம் வந்த கட்டுரைகளில் ஒன்று இன்னும் ஒரு படி மேலே போய், இரும்பு நுரையீரலைக் கண்டுபிடித்தவரே நஃபீல்டு என்கிறது. பட்டியல் போட்டால் அங்கேதான் போய் முடியும்.

பட்டியலில் காணாமல் போகும் இன்னொன்று, கொடுத்தவர் தோற்ற கதை. அதே 1937-ல், அதே ஆக்ஸ்ஃபோர்டுக்கு, ஒரு கல்லூரி தொடங்க சுமார் 9 லட்சம் பவுண்டும் கால்வாய் ஓரத்தில் ஓர் இடமும் கொடுத்தார். அவர் நினைத்தது பொறியியலும் கணக்கியலும் கற்பிக்கும் கல்லூரி. துணைவேந்தர் லிண்ட்சே பேசிப் பேசி அதைச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கல்லூரியாக மாற்றிவிட்டார். நஃபீல்டுக்கு அந்த மனத்தாங்கல் நெடுநாள் இருந்தது. கட்டடக் கலைஞரின் முதல் வரைபடம் ஆங்கிலத்தன்மை இல்லாதது என்று அதையும் திருப்பி அனுப்பினார். போர் குறுக்கிட்டு, 1949-ல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனாலும் தன் வீட்டை அந்தக் கல்லூரிக்கே எழுதிவைத்தார். மருத்துவத்தில் பிடிவாதமாக நின்று வென்றவரும் கல்லூரி விஷயத்தில் வளைந்து வருந்தியவரும் ஒருவரே. "நஃபீல்டு கல்லூரி: 9 லட்சம்" என்ற வரியில் இதில் எது தெரிகிறது?

ஆகவே பதினொன்றையும் எழுத வேண்டாம். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் யார், மறுத்தவர் யார், எங்கே இழுபறி, பணம் போன பிறகு அந்த இடத்தில் என்ன நடந்தது என்று தேடுங்கள். ஒரு மாதம் ஆனாலும் ஆகட்டும்.

தொகையை இன்றைய ரூபாய்க்கு மாற்றாதீர்கள்

அன்றைய கார் விலையோடு ஒப்பிடுங்கள். அது போதும்.

கறையைத் துடைக்காதீர்கள்

வள்ளல் என்றதும் நமக்குக் கை தயங்குகிறது. 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசியல்வாதி ஆஸ்வால்ட் மோஸ்லியின் 'புதிய கட்சி' என்ற கட்சிக்கு அவர் 50,000 பவுண்டு கொடுத்தார். மோஸ்லி பாசிசக் கட்சி தொடங்குவதற்கு முந்தைய கட்சி அது என்பதையும் சொல்லுங்கள், கொடுத்ததையும் சொல்லுங்கள். தொழிற்சங்கங்களை அவர் விரும்பவில்லை. காசில் பிராம்விச்சில் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் செய்யும் பெரிய தொழிற்சாலை அவர் பொறுப்பில் விடப்பட்டது. 1940 மே மாதம் வரை அங்கிருந்து ஒரு விமானமும் வெளிவரவில்லை. நாடு ஆபத்தில் இருந்த நேரம். விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் அதை அவரிடமிருந்து எடுத்து விக்கர்ஸ் நிறுவனத்திடம் கொடுத்தார். கார் செய்யத் தெரிந்தவருக்கு விமானம் வசப்படவில்லை. இதை எழுதினால் இரும்பு நுரையீரலின் மதிப்புக் குறைந்துவிடும் என்று ஒரு பெண் என்னிடம் வாதாடினாள். அந்தப் பெட்டிக்குள் கிடந்து மூச்சு வாங்கிய பிள்ளைக்கு எதுவும் குறையப்போவதில்லை என்றேன்.

'குழந்தை இல்லாததால் கொடுத்தார்'

வேண்டாம்.

'எளிமையாக வாழ்ந்தார்' என்று முடிக்காதீர்கள்

மூன்று கட்டுரைகளும் இந்த இரு சொற்களில்தான் முடிகின்றன. நஃபீல்டு பிளேஸ் என்ற அவருடைய வீடு இன்று பிரிட்டனின் தேசிய அறக்கட்டளையின் பராமரிப்பில் இருக்கிறது. 1933 முதல் அங்கே வாழ்ந்தார். படுக்கையறையில் ஓர் அலமாரி இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் துணி வைக்கும் அலமாரி. திறந்தால் உள்ளே சுத்தியல்கள், ஆணிகள், செருப்புத் தைக்கும் கருவிகள். கோடிகள் கொடுத்த மனிதர் தன் செருப்பைத் தானே தைத்துக்கொண்டார் என்பதை அந்த அலமாரியைத் திறந்து காட்டியே சொல்லிவிடலாம். அந்தக் கருவிகளோடு ஒரு கண்ணாடி ஜாடியும் இருக்கிறது. அறுத்தெடுத்த அவருடைய சொந்தக் குடல்வாலை அதில் பாதுகாத்து வைத்திருந்தார்.