கேரவனுக்குக் காற்றுத் திண்ணை: ஆனிங்கும் அனெக்ஸும் போடுவது எப்படி?

காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் சின்ன கேரவன் ஒன்றை என் மச்சான் இரண்டு வருடத்துக்கு முன்பு வாங்கினார். காட்பாடியிலிருந்து ஏலகிரிக்கு ஏறிப் போய், தெரிந்தவர் தோட்டத்தில் நிறுத்தி இரண்டு நாள் தங்குவோம். குடும்பத்தில் ஆறு பேர். வண்டிக்குள் நாலு பேர்தான் படுக்கலாம். அதனால்தான் காற்றடித்து நிறுத்தும் ஆனிங்கும் அதோடு சேரும் அனெக்ஸும் வாங்கினோம்.

ஆனிங் என்பது வண்டியின் வாசல் பக்கத்தில் போடும் துணித் திண்ணை. அந்தத் திண்ணையின் ஓரத்தில் ஜிப்பால் மாட்டுகிற சின்ன அறைதான் அனெக்ஸ். உள்ளே தனியாக ஒரு படுக்கைக் கூடாரத்தைக் கொக்கியில் தொங்கவிட்டால் இரண்டு பேர் தூங்கலாம். கம்பிக்குப் பதிலாகக் காற்றுக் குழாய்கள் தாங்குகின்றன. குழாயின் வெளியே கெட்டித் துணி உறை, உள்ளே டிபியு என்ற நெகிழும் பிளாஸ்டிக்கால் ஆன பை.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். வண்டியின் பக்கவாட்டில், மேலே ஓடும் அலுமினியக் காடி, அதாவது ஆனிங்கைக் கோக்கும் நீளப் பள்ளம், தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் உயரம் என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். சின்ன ஆனிங்குகள் பெரும்பாலும் 235 முதல் 250 சென்டிமீட்டர் வரை உள்ள உயரத்துக்குத் தைக்கப்படுகின்றன. அப்புறம், வாசல் எந்தப் பக்கம்? நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் பிரிட்டனின் வண்டிகளுக்கு இடப்பக்கம் வாசல். ஐரோப்பாவின் மற்ற நாட்டு வண்டிகளுக்குப் பெரும்பாலும் வலப்பக்கம். ஜன்னலும் கதவும் இடம் மாறி வந்தால் ரொம்பச் சங்கடம்.

சரி, இடத்துக்கு வந்துவிட்டோம். கல், முள், கண்ணாடிச் சில்லு எல்லாம் பொறுக்கிவிட்டு ஒரு தார்ப்பாயை விரியுங்கள். அதன்மேல் ஆனிங்கைப் பிரியுங்கள். மேல் விளிம்பில் கயிறுபோல உருண்டையாகத் தைத்த ஓரம் இருக்கும். அதைக் காடிக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். ஒருவர் முன்னால் நின்று இழுக்க, இன்னொருவர் காடியின் வாயில் நின்று துணியை நேராக ஊட்டிக்கொடுக்க வேண்டும். தனி ஆளாக இழுத்தால் வாயோரத்தில் துணி மடங்கிக் கிழியும். இழுப்பதற்கு முன் காடியை ஈரத்துணியால் துடையுங்கள். நம் ஊர்ச் செம்மண் புழுதி அதில் அப்படி அப்பிக் கிடக்கும்.

காற்றடிக்கும் முன் வண்டியை ஒட்டிய இரண்டு மூலைகளில் மட்டும் முளை அடியுங்கள். பிறகு கூடவே வந்த கைப் பம்பால் ஒவ்வொரு குழாயாக நிரப்புங்கள். காற்றழுத்த அளவு உறையிலோ கையேட்டிலோ இருக்கும். எங்களுடையதற்கு 7 பிஎஸ்ஐ. டயர் கடை கம்ப்ரஸரைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். கார் டயருக்கே 30 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கும் இயந்திரம் அது, கண் மூடித் திறப்பதற்குள் பை வெடித்துவிடும்.

ஆனிங் எழுந்து நின்றதும் பக்கச் சுவரைக் கழற்றி, அந்த ஜிப்பிலேயே அனெக்ஸைக் கோத்து, அதன் குழாய்க்கும் காற்றடியுங்கள். எல்லாக் கதவு ஜிப்பையும் மூடிவிட்டு, அதற்குப் பிறகுதான் மற்ற முளைகள். திறந்துவைத்து அடித்தால் பிறகு ஜிப் சேராது.

முளை விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். பெட்டியில் வரும் பிளாஸ்டிக் முளை புல்தரைக்குச் சரி. வேலூர்ப் பக்கத்துச் சரளைத் தரையில் சுத்தியலால் இரண்டு தட்டுக்கு மேல் தாங்காது. கம்பிக் கடையில் 8 எம்எம் கம்பியை ஓரடித் துண்டுகளாக வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறு முனையைக் கொக்கியாக வளைத்து வாங்கிக்கொள்ளுங்கள். தரை இறுகியிருந்தால் அந்த இடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிஷம் விடுங்கள். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். பந்தல்காரர்கள் ஷாமியானா கயிறு கட்டுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அதே சாய்வுதான். நேராக அடித்த முளையைக் காற்று பிடுங்கிவிடும். கோடையில் சாயங்கால இடிமழைக்கு முன்னால் வீசும் காற்று எச்சரிக்கை கொடுத்து வராது, அதனால் ஆனிங்கைத் தரையோடு இழுத்துக் கட்டும் புயல் கயிறுகளையும் முதல் நாளே கட்டிவிடுங்கள். காற்று ரொம்ப மிஞ்சினால் இறக்கிவிடுவதே நல்லது.

இப்போது வெயில். எங்களுடைய கையேட்டில் மழையைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது, வெயிலைப் பற்றி ஒரு பத்திதான். காலையில் 20 டிகிரியில் 7 பிஎஸ்ஐ அடித்த குழாய், உள்ளே இருக்கும் காற்று 50 டிகிரிக்குச் சூடானால் 9 பிஎஸ்ஐயைத் தாண்டும். அடைபட்ட காற்று விரிய இடமில்லாமல் தையலை அழுத்தும். கத்திரி வெயிலில் வேலூரில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுகிறதே, கறுப்புத் துணிக் குழாய் என்ன சூடாகும் என்று தொட்டுப் பாருங்கள். ஆகவே பத்து மணிவாக்கில் ஒவ்வொரு குழாயிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுங்கள். சாயங்காலம் குளிர்ந்ததும் தளர்ந்துபோகும், அப்போது நிரப்பிக்கொள்ளலாம். நாளுக்கு இரண்டு முறை பம்பைத் தொடுவது சோம்பலாக இருக்கும்தான், ஆனாலும் செய்யுங்கள். மழைக்கு முன்னும் அளவு சரியாக இருக்கட்டும். குழாய் தளர்ந்தால் கூரை தொய்ந்து தண்ணீர் குளமாக நிற்கும்.

ராத்திரி அனெக்ஸின் வலை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மூடிப் படுத்தால் மூச்சுக் காற்றின் ஈரம் விடியலில் கூரையிலிருந்து சொட்டும், கூடாரம் ஒழுகுகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். உள்ளே அடுப்போ கரியோ கூடவே கூடாது. கரிப்புகையின் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. தூக்கத்திலேயே உயிர் போகும்.

காற்று இறங்கிக்கொண்டே இருந்தால் முதலில் வால்வு மூடியைப் பாருங்கள், பெரும்பாலும் திருகு தளர்ந்திருக்கும். இல்லையென்றால் உறையின் ஜிப்பைத் திறந்து பையை வெளியே எடுத்து, சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பங்சர் கடை சொல்யூஷன் ரப்பர் டியூபுக்கானது. டிபியுவுக்கென்று விற்கும் ஒட்டுத் துண்டும் பசையும்தான் பிடிக்கும்.

கழுவுவதற்கு வெறும் தண்ணீரும் மெத்தென்ற ஸ்பாஞ்சும் போதும். சோப்புத் தூள் போட்டால் துணியின் மேலுள்ள நீர்காப்புப் பூச்சு போய்விடும். பறவை எச்சத்தை அன்றைக்கே துடைத்துவிடுங்கள்.

சென்ற ஐப்பசியில் ஏலகிரியில் விடாத மழை. அவசரத்தில் ஈரத்தோடு சுருட்டிக்கொண்டு வந்து, நாளைக்கு விரிக்கலாம் என்று விட்டேன். ஒன்பதாம் நாள் பிரித்தபோது அனெக்ஸின் ஒரு சுவர் முழுக்கக் கடுகு தெளித்தது மாதிரி கறுப்புப் புள்ளி, அந்தப் பூஞ்சை வாடை இன்னும் முழுசாகப் போகவில்லை. ஈரமாக மடிக்க வேண்டி வந்தால் வீட்டுக்கு வந்த அன்றோ மறுநாளோ நிழலில் கொடி கட்டி உலர்த்திவிடுங்கள். மடிக்கும்போது வால்வைத் திறந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து வால்வை நோக்கிச் சுருட்டினால் காற்று முழுதும் வெளியேறும்.

மொட்டை மாடித் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள், சூட்டில் பிளாஸ்டிக் கெடும், எலியும் கடிக்கும். எங்கள் வீட்டில் அது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் கூடத்தில் குழாய்களை மட்டும் நிரப்பி, விடியும்வரை காற்று நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏற்றுவோம்.